கரையாத துத்தநாகம்

அன்பு மகள் ஜோவெலினுக்கு அம்மா எழுதுவது. வேலைக்குப் போன அந்த வெளிநாட்டுக் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. நம் படகு இனிக் கடலுக்குப் போகாது.

போன திருவிழாவில் மாதாவின் கடல் பவனிக்காகப் படகைக் கரையேற்றி பெயிண்ட் அடித்தோமே, அப்போது உன் சித்தப்பா நொனொய் இரும்பு அடிப்பக்கம் துருப்பிடிக்காமலிருக்கப் பொருத்திய துத்தநாகக் கட்டிகளையும் விடாமல் நீலம் பூசியிருக்கிறார். கேட்டால், "மாதா ஏறுற படகு அண்ணி, சொறி பிடிச்ச மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்?" என்கிறார். ஐயோ, அந்தச் சொறிதானே படகுக்கு உயிர்!

இந்த வாரம் மறுபடி கரையேற்றினார்கள். பெயிண்டைச் சுரண்டிய உன் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், "பாத்தியா, ஒரு வருஷமாகியும் கட்டி துளி கரையல!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கரையாததுதானே ஆபத்து! பள்ளியில் வருஷா வருஷம் இதைத்தானே தொண்டை வறளக் கத்துகிறேன். துத்தநாகம் தன் எலக்ட்ரான் இரண்டை விட்டுக்கொடுத்து, ஆக்சிஜனேற்ற எண் பூஜ்யத்திலிருந்து கூட்டல் இரண்டாகிக் கரைந்துபோனால்தான் பக்கத்து இரும்பு பூஜ்யமாகவே பிழைத்துக் கிடக்கும். உப்புத் தண்ணீர் தொடாமல் அதை மூடிவிட்டால் இரும்பே கொடுக்கத் தொடங்கிவிடும். கொடுத்திருக்கிறது. வெல்டிங்காரர் சும்மா ஒரு தட்டுத்தான் தட்டினார், சுத்தியல் உள்ளே போய்விட்டது.

அன்றிலிருந்து அப்பா சோற்றில் கை வைப்பதில்லை. சித்தப்பா முகம் காட்டாமல் பின்கதவில் மீனை வைத்துவிட்டுப் போகிறார், அவரைத் திட்டி எதுவும் அனுப்பாதே, பாவம். நேற்று அப்பா, "ஜோவெலின் வேலைய இன்னும் மூணு வருஷம் நீட்டினா வேற படகு பாக்கலாம், நீ எழுதினா கேப்பா" என்றார். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அப்படி எழுத மாட்டேன். போன் திரையில் உன் கன்னத்து எலும்பைப் பார்த்தேனடி. உதட்டுக்குச் சிவப்பு பூசிக்கொண்டு "நல்லாத்தான் இருக்கேன்மா" என்கிறாய், கரைகிறதைக் கண்டுபிடிக்க எனக்கா தெரியாது? இந்த வீடு மிதக்க நீ கரைந்தது போதும். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம். அவர் கேட்டால் மாட்டேன் என்று சொல், அம்மா சொன்னாள் என்றே சொல், நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாதா உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடு. பெட்டி கட்டி எதுவும் அனுப்பாதே மகளே, மிச்சமிருக்கிற நீ வந்தால் போதும்.

உன் அம்மா,
தெரெசிங்