சேதுபதி பெயரில் மூன்று கண்ணாடிகள்

ரோலா, ஷார்ஜா
5.2.2004

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது அந்தப் பெண்ணின் கைதான். பகலில் மணிக்கட்டு வரை நீலச் சட்டை போட்டிருந்தவள், விளக்குப் போட்டதும் வெறும் கையோடு நின்றாள்.

நீங்கள் ரிப்பேருக்காக வீட்டு ஹாலில் வைத்துவிட்டுப் போன, குண்டு உருட்டி ஆடும் பின்பால் மெஷினின் தலைப்பெட்டிக் கண்ணாடியில் இருக்கும் பெண்ணைத்தான் சொல்கிறேன். தூசி துடைக்கும்போது சும்மா பிளக்கைச் செருகிப் பார்த்தேன். உள்ளே பல்புகள் எரிந்தன. சவூதிக்காக, ஒர்க்‌ஷாப்பில் பெயிண்ட் அடிக்கும் சேதுபதி அண்ணன் அவள் கைமேல் வரைந்த சட்டை காணாமல் போய்விட்டது.

ஏன் என்று யோசித்தேன். படம் கண்ணாடியின் பின்பக்கம் அச்சடித்தது. அண்ணன் முன்பக்கம் பெயிண்ட் அடித்திருக்கிறார். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் பழைய கை தெரியத்தான் செய்யும். சவூதிக்குப் போகும் மெஷின்களை அந்த ஊர் மின்சாரத்துக்கு மாற்றிக் கட்டிய பிறகுதான் அவரிடம் கொடுக்கிறீர்கள். இங்கே செருகினால் பல்பு கருகிவிடும் என்பதால் யாரும் விளக்குப் போட்டுப் பார்ப்பதில்லை; ஹாலில் இருப்பது மட்டும் மாற்றிக் கட்டுவதற்கு முன்பே அவரிடம் போய்வந்தது. நீங்கள் கொண்டுபோன பத்து மெஷினிலும் இப்படித்தான் இருக்கும் அப்பா.

போனில் உங்களிடம் சொல்லும்படி அம்மாவிடம் சொன்னேன். "பெரியவங்க பாக்காததையா நீ பாத்துட்ட" என்றாள் அம்மா. நான் ரிசீவரை வாங்கினால் "ம்" தவிர வேறு வராது, உங்களுக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். மூசா மாமாவின் டிரெய்லர் நாளை ரியாத்துக்குக் கிளம்புகிறது, அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வெறும் டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.

உங்கள் மகள்
பானுப்பிரியா


பத்தா, ரியாத்
14.2.2004

என் செல்லம் பானுவுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்து சேர்வதற்கு இரண்டு நாள் முன்பே மானம் போய்விட்டது. குடும்பங்கள் வருகிற விளையாட்டு ஹாலில் மூன்று மெஷினை வைத்து, மேனேஜர் முன்னாலேயே சுவிட்சைப் போட்டேன். மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் சட்டையைக் கழற்றிய மாதிரி ஆகிவிட்டது. "கலாஸ், கலாஸ்" என்று, போதும் போதுமென்று அரபியில் கத்திக்கொண்டு அவர் பிளக்கைப் பிடுங்கினார். மூன்றும் சுவரைப் பார்த்து நிற்கின்றன. மீதி ஏழும் குடோனில் கிடக்கின்றன.

பன்னிரண்டு வருடத்தில் இப்படி ஒரு தலைகுனிவு வந்ததில்லை. தொண்ணூற்றிரண்டில் இத்தாலியிலிருந்து முதல் கன்டெய்னர் வந்தபோது, இது சூதாட்டமா என்று கஸ்டம்ஸில் நான்கு நாள் நிறுத்தி வைத்தார்கள். அதிகப் புள்ளி எடுத்தால் இலவச ஆட்டம் கொடுக்கும் ஒயரை ஆபீசர் கண்முன்னால் வெட்டிக் காட்டியது நான்தான். அதற்குப் பிறகுதான் மெஷின் வெளியே வந்தது. இன்றுவரை காதர் மைதீன் முதலாளி யாரைப் பார்த்தாலும் "அந்த ஒயர் வீரபாண்டி வெட்டினது" என்பார்.

இப்போது அமெரிக்காவில் பெரிய கம்பெனியே இதைச் செய்வதை விட்டுவிட்டது. நமக்கு வருவதெல்லாம் ஐரோப்பாவில் ஓடி ஓய்ந்தவை. ஒரு கண்ணாடி போனால் மாற்று கிடையாது. அந்த மூன்று மெஷினின் கண்ணாடியையும் கழற்றிப் போர்வையில் சுற்றி மூசாவிடம் கொடுத்திருக்கிறேன். நீ கண்டதை அம்மாவை விட்டு சேதுபதியிடம் சொல்லச் சொல். அவன் சரிசெய்யட்டும்.

நீ கெட்டிக்காரிதான்.

அன்புடன்
அப்பா


ரோலா, ஷார்ஜா
2.3.2004

அன்புள்ள அப்பாவுக்கு,

கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சேதுபதி அண்ணன் வந்து பார்த்தார். முன்பக்கம் இன்னும் இரண்டு கோட் அடித்தால் போதும் என்றார். அவர் போன பிறகு, ஹாலில் இருந்த கண்ணாடியில் நானே ஒரு கோட் அடித்து விளக்குப் போட்டேன். கை மறைந்தது. ஆனால் அந்த இடம் கரி பூசிய மாதிரி கறுப்பாக நின்றது. வெளிச்சம் வரவே இல்லை.

அதனால் முன்பக்கத்துப் பெயிண்டைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைத் திருப்பி, பின்பக்கத்துப் பழைய கையைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன். ஆமாம் அப்பா, மாற்று இல்லாத கண்ணாடிதான். பிறகு அந்த இடத்தில் புதுச் சட்டை வரைந்தேன். பின்னாலிருந்து வரைவதால் எல்லாமே தலைகீழ். முதலில் பொத்தான், பிறகு மடிப்பு, கடைசியில்தான் துணியின் நிறம். வழக்கம்போலத் துணியை முதலில் பூசினால் பொத்தான் அதற்குள் புதைந்துவிடும். ஹாலில் இருந்த கண்ணாடியில் இரண்டு தடவை அப்படிப் புதைத்துவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

பிறகு நீங்கள் அனுப்பிய மூன்றையும் முடித்தேன். விளக்குப் போட்டால் சட்டை ஒளிர்கிறது. அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "காலர் கொஞ்சம் கோணல்" என்றாள். சரிசெய்துவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்போடு நின்ற பிறகு நான் முழுதாகச் செய்துமுடித்த வேலை இதுதான். காதர் மாமாவிடம் இதை நான் செய்தேன் என்று சொல்லுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

பானுப்பிரியா


பத்தா, ரியாத்
16.3.2004

என் செல்லம் பானுவுக்கு,

கண்ணாடிகள் பத்திரமாக வந்தன. மேனேஜர் விளக்கைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, பத்து தடவை பார்த்தார். இப்போது மூன்றும் ஹாலின் வாசலிலேயே நிற்கின்றன. பக்கத்து போன் கடைக்காரர் நம்ம ஊர்ப்பக்கம். "அண்ணாச்சி, இவ மதுரைக்காரி மாதிரில்ல இருக்கா" என்று சிரிக்கிறார். குடோனில் கிடக்கும் ஏழு கண்ணாடியும் ஷார்ஜாவுக்கு வருகின்றன. குவைத்தில் ஃபஹாஹீல் என்ற ஊரிலிருந்தும் ஒரு கடை கேட்டிருக்கிறது.

முதலாளியிடம் சேதுபதி செய்ததாகச் சொல்லியிருக்கிறேன். கோபப்படாதே. சேதுபதியிடமும் பேசிவிட்டேன். நீ வீட்டில் இருந்தபடி இந்த ஏழையும் செய்து கொடு, அவன் கொண்டுபோகட்டும். உன் பெயர் முதலாளியின் ஒர்க்‌ஷாப்பில் அடிபட வேண்டாம். அங்கே ஆறு தேசத்து ஆண்கள் வேலை செய்கிறார்கள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்ட பெண் நீ. அந்த இடத்தில் உன்னால் நிற்கக்கூட முடியாதம்மா.

இன்னொன்று. நாகவள்ளி அத்தை அருப்புக்கோட்டையில் ஒரு வரன் பார்த்திருக்கிறாள். மே மாதம் நீயும் அம்மாவும் ஊருக்குப் போகிறீர்கள். உன் பாஸ்போர்ட்டை ரோலா டிராவல்ஸில் கொடுத்து டிக்கெட் போடச் சொல். போன மாதம் உனக்குப் பதினெட்டும் முடிந்துவிட்டது. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

அன்புடன்
அப்பா


ரோலா, ஷார்ஜா
28.3.2004

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவையே எழுதச் சொன்னேன். "ஒனக்கு வேணும்னா நீயே எழுது" என்றாள். ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்து இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்குப் போனேன். தனியாக. ஒர்க்‌ஷாப் வாசலில் கால் மணி நேரம் நின்றேன். நீங்கள் சொன்னது உண்மைதான், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் நின்றேன் அப்பா.

காதர் மாமா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். மேஜையில் ஏழு கண்ணாடிகளில் ஒன்று கிடந்தது. பையிலிருந்து பிளேடை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். ஒரு ஆள் ஓடிவந்து தடுக்கப் பார்த்தார். சேதுபதி அண்ணன்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடுங்க, அந்த மூணும் இந்தப் புள்ள செஞ்சது. எனக்கும் எத்தன நாளைக்குத்தான் பொய் சொல்ல வரும்" என்றார்.

நான் பொத்தான்களை வைத்தேன். காதர் மாமா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சட்டையே இல்ல, பொத்தான எதுலம்மா தைப்பே?"

"துணி பின்னால வரும். பொறுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

முடித்ததும் பின்னால் விளக்கைப் பிடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. "ஒங்கப்பன் ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

அந்த முதல் ஒயரை வெட்டியது நீங்கள் என்று நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதை வேறு யாரோ வெட்டினார்கள் என்று முதலாளி சொல்லியிருந்தால் ஒரு நாள் பொறுத்திருப்பீர்களா? பள்ளிக்கூடத்தில் பயந்தேன், உண்மை. அதைச் சொல்லிச் சொல்லியே என்னை உட்காரவைக்கப் பார்க்காதீர்கள். அத்தைக்கு நானே தனியாக எழுதியிருக்கிறேன். வரன் வேண்டாம் என்று மரியாதையாகத்தான் எழுதினேன்.

வேலை தருவதாகக் காதர் மாமா சொல்லிவிட்டார். நான் உங்கள் விசாவில் இருப்பதால், ஆட்சேபணை இல்லை என்று நீங்கள் ஒரு கடிதம் தர வேண்டுமாம். அது இல்லாமல் வேலை அனுமதிக்கான லேபர் கார்டு போட முடியாது. அதனால் பாஸ்போர்ட்டை டிராவல்ஸில் கொடுக்கவில்லை. எதிர்வரிசையில் இருக்கும் டைப்பிங் சென்டரில் கொடுத்தேன். அந்த ஆட்சேபணையில்லாக் கடிதத்தை அரபியிலும் இங்கிலீஷிலும் அடித்துக் கொடுத்தார்கள். என் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்திருந்தான். மாற்றித் தரச் சொன்னேன். முணுமுணுத்தான். மாற்றித் தரும் வரை கவுண்டரை விட்டு நகரவில்லை.

அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

பானுப்பிரியா வீரபாண்டி