கோடு போட்ட சிலிண்டர்

ஜூலை 8, செவ்வாய்

தூறல். இரும்பைத் தொட்டால் விரல் கூசுகிறது. கெலமங்கலத்திலிருந்து ஒரு டிராக்டர் எஞ்சின் பிளாக். உரிமையாளர் முனிராஜு. சிலிண்டர்கள் தேய்ந்து முட்டை வடிவம். போரிங் போட்டு வட்டமாக்க வேண்டும், பிறகு கல்லால் தேய்க்கும் ஹோனிங்.

பட்டறை அண்ணனுடையது. இதுவரை நான் ஒத்தாசை மட்டும். இன்று சொன்னான்: "இது முழுசா உன்னுது செல்வி. திரும்பி வந்துச்சுன்னா பில் டேபிளோட நின்னுக்கணும். மெஷின் பக்கமே வரக்கூடாது."

சரி என்றேன்.

வாங்க வேண்டியவை: கையுறை, சோப்பு, பேனா.

ஜூலை 9, புதன்

வெயில். போரிங் பார் இறங்கும்போது ஒரே சீரான சத்தம். மாறினால் கருவி மழுங்கிவிட்டதென்று பொருள். மாறவில்லை. தகரக் கூரை காய்ந்ததும் அளவெடுப்பதை நிறுத்தினேன். சூட்டில் இரும்பு விரிந்து பொய் சொல்லும். மாலை குளிர்ந்த பின் எடுத்தேன். சரி.

எம்.ஏ. தமிழ் படிக்கையில் சரியான ஒரு சொல்லுக்காக இப்படிக் காத்திருந்ததுண்டு. அப்போது யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஹோனிங் முடிந்தது. கற்கள் சுழன்றபடி ஏறி இறங்கி, சுவர் முழுக்க மெல்லிய குறுக்குக் கோடுகள். அழகு.

முனிராஜு மகனோடு வந்தார். உள்ளே விரல் விட்டுத் தடவினார்.

"என்னாம்மா இது, பூன பொறாண்டுன மாதிரி? கண்ணாடியாட்டம் வோணும்."

"அந்தக் கோட்டுலதாங்க எண்ணெ நிக்கும். வழவழன்னு தேச்சா பிஸ்டன் ரிங் காஞ்சுடும்."

"எண்ணெ நிக்க எஞ்சின்ல வேற எடமே இல்லியா?"

மகனிடம் தெலுங்கில் சொன்னார், பொம்பளை கை வைத்தால் இப்படித்தான் என்று. ஓசூரில் பிறந்தவளுக்குத் தெலுங்கு புரியாதாம். நானும் தெலுங்கிலேயே: கை இல்லை, கல். மகன் சிரித்துவிட்டான்.

அண்ணன் எமரித் தாளை நீட்டினான். "கேக்குறாரு இல்ல? நாலு தேய் தேச்சுக் குடு. என்னா கொறஞ்சுடும்?"

"கோடு போயிடும்."

"செல்வி!"

"மாட்டேண்ணா."

தாளை வாங்கி நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். குழந்தைத்தனம். இருக்கட்டும். பிளாக் கோடுகளோடுதான் போனது.

ஜூலை 14, திங்கள்

காற்று. கரண்ட் போய் வந்தது. முனிராஜுவின் மெக்கானிக் எஞ்சினைப் பூட்டி முடித்துவிட்டார். காலையில் ஃபோன் ஸ்பீக்கரில் முனிராஜு:

"பொகையுது! பூசை போட்டு, புது எஞ்சினாச்சேன்னு நிறுத்தின எடத்துலயே மெதுவா ஓட வுட்ருக்கேன். அப்பவும் பொகையுது!"

அண்ணன் வாய் திறக்கும் முன் நான்: "அதாங்க தப்பு. சும்மா ஓடுனா ரிங் சுவத்தோட ஒக்காராது. கலப்பய மாட்டி உழுங்க."

"புதுசுக்குப் பாரமா? பைத்தியமா உனக்கு?"

"உழுங்க. அப்பவும் பொகஞ்சா எடுத்துட்டு வாங்க. உங்க எதிர்லயே பிரிக்கிறேன்."

வைத்துவிட்டார். அண்ணன் பில் டேபிளைக் காட்டினான்.

"சொன்னது ஞாபகம் இருக்கா?"

"திரும்பி வந்தாத்தான்னு சொன்ன. இன்னும் வரல."

வாசலில் அடுத்த பிளாக். செயினில் தூக்கி மெஷினில் ஏற்றினேன். ஸ்விட்ச் அண்ணனுக்குப் பின்னால். "கொஞ்சம் நகருண்ணா." நகர்ந்தான். போட்டேன்.

சாயங்காலம். கையெல்லாம் கிரீஸ், பேனா வழுக்குகிறது. ஃபோன் அடிக்கிறது, திரையில் முனிராஜு பெயர். அண்ணன் என்னைப் பார்க்கிறான். நான்தான் எடுப்பேன்.