அத்தைக்கு உப்பு ஜாஸ்தி என்றேன்

ஆரணி
மாசி 12

அன்பு மகள் சுகன்யாவுக்கு அம்மா எழுதுவது. படவேட்டு அம்மன் புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அப்பா வாரம் இரண்டு தடவை டயாலிஸிஸ் போய்வந்து அப்படியே இருக்கிறார், நான் கல்லு மாதிரி இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை, அது பொய்யாகிவிட்டது. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் காட்டாதே.

அப்பாவுக்குக் கிட்னி கொடுக்க நானும் வந்தேன், அவர் தங்கை, உன் தேசூர் அத்தை குணசுந்தரியும் வந்தாள். இரண்டு பேருக்கும் ரத்த குரூப் பொருந்தியது. உனக்குத் தெரியும், கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷமாக நம் தறியிலிருந்து இறங்கும் முதல்தரமான புடவை பொங்கலுக்கு அவளுக்குத்தான் போகும், ஜரிகை பிசகினது எனக்கு. தங்கை மேல் பாசம் வைக்க வேண்டாம் என்று யார் சொன்னது, ஆனால் முப்பத்திரண்டு பொங்கலும் என் வயிற்றில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த ஒன்றாவது நான் கொடுத்ததாக இருக்கட்டும் என்று நினைத்தேன், அதில் என்ன தப்பு?

முதலில் இங்கேயே லேபில் ரத்தம் கொடுத்தோம். கிரியாட்டினின் என்று ஒன்று, நம்மாட்கள் உப்பு என்பார்களே, அது எனக்கு 0.6, அத்தைக்கு 1.1, அளவு தாண்டினது என்று பக்கத்தில் நட்சத்திரம் வேறு போட்டிருந்தது. அந்த நட்சத்திரத்தைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, இப்போது வெட்கமாக இருக்கிறது. அவள் நெல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவள், நான் நாற்பது கிலோ தேறாதவள், ஆனாலும் உள்ளே யார் கெட்டி பார் என்று தலைகால் புரியவில்லை. அன்றைக்கே எதிர்வீட்டில் ஆரம்பித்து சேத்துப்பட்டு சித்தி வரைக்கும், குணசுந்தரிக்கே உப்பு ஜாஸ்தியாம், அவளுக்கே யாராவது குடுக்கணும் போலக்கீது என்று சொல்லித் தீர்த்தேன்.

வேலூரில் டாக்டரம்மா குச்சி மாதிரி இருக்கிற என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த நம்பரை மட்டும் வைத்து முடிவு பண்ண முடியாது என்று இரண்டு பேருக்கும் ஊசி மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் கிட்னி வேலை செய்கிற அளவு அத்தைக்கு 98, எனக்கு 64. அந்த உப்பு சதையிலிருந்து வருகிறதாம். என் உடம்பில் சதை இல்லை, அதனால் உப்பு ஊறுவதே குறைவு, கிட்னி மெதுவாக வேலை செய்தாலும் ரத்தத்தில் தெரியாது. அத்தைக்கு உழைத்த சதை, நிறைய ஊறும், கிட்னி நன்றாக வெளியேற்றினாலும் கொஞ்சம் நிற்கும். ஒரு தறி ஓடுகிற வீட்டில் தரை சுத்தமாக இருந்தால் கூட்டுகிறவள் கெட்டிக்காரி ஆகிவிடுவாளா, ஆறு தறி ஓடுகிற வீட்டில் நாலு நூல் கிடந்தால் சோம்பேறியா? எனக்கு இப்போதைக்கு பயமில்லையாம், பிரஷர் பார்த்துக்கொண்டு, வலி மாத்திரை கண்டபடி போடாமல் இருந்தால் போதுமாம். ஆனால் கொடுக்க லாயக்கில்லை.

சரி அத்தையே கொடுக்கட்டும் என்றால் அதற்குப் புருஷன் சம்மதமும் வேண்டுமாம், ஏகாம்பரம் மாமா கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். இவளுக்கே கிட்னி கோளாறுன்னு ஊரே பேசிகினு கீது, நான் எப்படிம்மா போடறது என்று போனில் கேட்டார். அந்த ஊர் நான்தான். அப்பாவுக்கு அது தெரியாது, வந்துபோகிறவர்களிடமெல்லாம் மச்சான் ஏன் இப்படிப் பண்றார் என்று கேட்கிறார், அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு தனியாக தேசூர் பஸ் ஏறினேன். மாமாவின் அம்மா, அத்தையின் மருமகள் எல்லாரும் இருக்கும்போதே, அண்ணா, அந்தப் பேச்சைக் கிளப்பினவ நான்தான், பொறாமையில சொல்லிட்டேன், கொறை எனக்குத்தான், அவளுக்கு இல்ல என்று சொல்லிவிட்டேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எனக்குத் தெரியும் அண்ணி, சித்தி அன்னிக்கே சொல்லிட்டாங்க, சாப்ட்டுட்டு போங்க என்றாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அதிலும் என்னை ஜெயித்துவிட்டாள், அதற்கும் சேர்த்து வயிறு எரிகிறது.

மாமா டாக்டரம்மாவிடம் நேரில் கேட்டுவிட்டு திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டார். பங்குனி பத்தாம் தேதி ஆபரேஷன், நீ லீவு சொல்லி முன்கூட்டியே வந்துவிடு. உனக்கும் என் மணிக்கட்டுதான், ஆபீஸ் செக்கப்பில் எல்லாம் நார்மல் என்று வந்தாலும் அம்மா விஷயத்தை அங்கே டாக்டரிடம் சொல்லிக் கேள், மறக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

நீங்கள் இருவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் எழுந்து நடமாடி, வருகிற பொங்கலுக்கும் முதல் புடவையை அவளுக்கே எடுத்து வைக்கட்டும், நான் வயிறெரிந்துகொண்டே மடித்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
கமலம்