கீழேயே போகும் புள்ளி

மினியாபொலிஸ்,
ஜனவரி 14

அன்புள்ள சோல்வெய்,

பதினெட்டு வருடம் கழித்து வரும் கடிதத்தை நீ கிழித்துப் போடாமல் இருந்தால் அதுவே பெரிது. கையெழுத்து என்னுடையதல்ல. நோயில் கை இரண்டும் அசையாமல் போய்விட்டன, நாக்கும் குழறுகிறது. நான் சொல்லச் சொல்ல, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மாய் என்ற பெண் எழுதுகிறாள். வசந்தத்துக்குள் பேச்சும் நின்றுவிடுமாம்.

அதற்குள் நினைப்பாலேயே எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். தலையில் கம்பிகள் வைத்த தொப்பி. திரையில் ஒரு புள்ளி. அதை நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாகத் தொட வேண்டும். வலது கையை அசைப்பதாக நினைத்தால் வலப்பக்கம் போகும், இடது என்றால் இடப்பக்கம், இரண்டும் என்றால் மேலே, மனதை வெறுமையாக வைத்தால் கீழே. தியானம் பழகியவர்களுக்குச் சீக்கிரம் வரும் என்று என்னை இந்த ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கோ கீழே மட்டும்தான் போகிறது. கையை நினைத்த மாத்திரத்தில், பழக்கதோஷம், அந்த நினைப்பை விட்டுவிடுகிறேன். "மறுபடியும் கீழ போயிட்டீங்களே, ஹால்வர்! எதுக்காவது கொஞ்சம் ஆசைப்படுங்களேன்" என்று மாய் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

உன் காட்டரிசி சூப் ஞாபகம் வருகிறது.

ஹால்வர்


டுலூத்,
ஜனவரி 22

ஹால்வருக்கு,

சூப்பாம் சூப்பு! நீ என்னை விட்டுத் தியான மடத்துக்குக் கிளம்பிய அன்று அது அடுப்பில்தான் கொதித்துக்கொண்டிருந்தது. உன் கடிதத்தை இரண்டு தடவை குப்பையில் போட்டு, இரண்டு தடவை எடுத்தேன்.

எல்லாவற்றையும் விடப் பழகினாய். முதலில் விட்டது என்னை. இப்போது பிடிக்கச் சொன்னால் வரவில்லையா? உனக்கு நன்றாக வேண்டும். இதை எழுதிவிட்டு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெறும் கையை நினைக்காதே. நம் பச்சைப் படகை நினை. நான் முன்னால், நீ பின்னால். பாறை தெரிந்ததும், "வலது, சோல்வெய், வலது பக்கம் போடு!" என்று ஏரியே அதிரக் கத்துவாய். துடுப்பின் ஈரப் பிடியை நினை. தண்ணீர் எதிர்த்து இழுக்குமே, அதை நினை. விட்டால் மோதிவிடுவோம்.

எழுத வந்தால் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல், இன்னொருவர் கையால் வேண்டாம். அன்று பேருந்தில் ஏறியவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தோன்றவாவது செய்ததா?

சோல்வெய்


மினியாபொலிஸ்,
ஏப்ரல் 9

சோல்வெய்

நானே எழுதுகிறேன். பேச்சு போன வாரம் நின்றது. இதற்கு இரண்டு நாள் ஆனது.

படகில் முதலில் தனியாகப் போனேன். புள்ளி அசையவில்லை. உன்னை முன்னால் உட்கார வைத்தேன். போனது.

தோன்றியது. விட்டுவிட்டேன். தினமும் தோன்றியது. தினமும் விட்டேன்.

இன்று விடவில்லை.

வா

ஹால்