போர்டைத் துடைத்தது யார்

அக். 6, திங்கள்
காலையிலேயே புழுக்கம். உப்பளத்தில் உப்புக் குவியல்களைக் கீற்றால் மூடுகிறார்கள், மழைக்கு முன்னால்.

வேலை: எங்கள் ஆப்புக்குச் சரவணன் எழுதிய கோடு (code), இருநூறு வரி. மாலைக்குள் படித்துக் குறை சொல்ல வேண்டும். முன்பெல்லாம் முதலியார்சாவடி ஆபீசில், நாலு பேரும் ஒரே அறை. டீம் லீட் தினேஷ் சார் வாசிப்பார், நாங்கள் தலையாட்டுவோம், குறைகள் வெள்ளைப் போர்டில். இரண்டு மாதமாக அவரவர் வீட்டிலிருந்தே. எல்லோருக்கும் ஒரே பக்கம் திறந்திருக்கும், வரிக்குப் பக்கத்திலேயே குறிப்பு எழுதலாம். இதில் தலையாட்ட முடியாது. நல்லது.

ஒரு ஓட்டை பிடித்தேன். ‘இன்று கடலுக்குப் போகலாம்’, ‘போகக் கூடாது’ என்று மீனவர்களுக்குப் போகும் செய்தியில் தேதியே இல்லை. டவர் போய்த் திரும்பினால் நேற்றைய ‘போகலாம்’ இன்று வந்து விழும். குறிப்பு எழுதினேன். சோதனைக்காக இந்த ஆப் அப்பா போனில் ஏற்கெனவே ஓடுகிறது.

அக். 7
என் குறிப்பு ‘முடிந்தது’ பட்டியலில், சாம்பல் நிறத்தில். கோடு அப்படியே. மூடியவர் பெயர்: ‘குழு’. யாரும் யார் மேலும் கோபப்படக் கூடாதென்று தினேஷ் சார் செய்த ஏற்பாடு.

சந்தேகம்:
1. சரவணன். அவன் கோடு, அவன் மானம்.
2. தி. சார். வெள்ளிக்கிழமை எல்லா மீனவருக்கும் ஆப் போக வேண்டும்.
3. ஸ்டெல்லா? இல்லை. புதுசு. வேலை சொல்லிக்கொடுத்ததே நான்.

குரூப்பில் எழுதினேன்: ‘குறையை மறைப்பதும் ஒரு திறமைதான்.’ சரவணன் கட்டைவிரல் போட்டான். என்ன அர்த்தம் அதற்கு?

(துப்பறியும் நாவலில் குற்றவாளியை மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். பெரும்பாலும் தப்பாக.)

அக். 8
மூடியவர் பெயரைக் காட்டச் சொன்னேன்.
"ஏம்மா, இது டீமா, போலீஸ் ஸ்டேஷனா?" தி. சார்.
"எங்கப்பா போன்ல ஓடுது சார்."
"நாளைக்கு எடுத்துத் தர்றேன்."

அப்பா வலையை உதறிக்கொண்டே, "பாப்பா, அந்த ஆப்ப எப்ப எல்லாருக்கும் குடுப்பாங்க? அனுமந்தையில கேக்கறாங்க."
ஷாம்பு வாங்க மறந்தேன்.

அக். 9
பெயர் வந்தது. ஸ்டெல்லா. உடனே போன் போட்டேன்.
"நான் எதையும் மூடலக்கா. தொடச்சேன், அவ்ளோதான். கடைசியா போறவங்க போர்ட தொடச்சிட்டுப் போகணும்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னேன்தான். ஆபீஸ் அறையில், வெள்ளைப் போர்டுக்கு. துடைக்கும் முன் தி. சார் போட்டோ எடுத்துக்கொள்வார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூடிய குறிப்பை இன்றுதான் திறந்து பார்க்கிறேன், உள்ளே சரவணனின் பதில்: ‘கரெக்டுங்க. தேதி சேர்க்கணும். நாளைக்குப் பண்றேன்.’ மூடியதும் அவன் வேலைப் பட்டியலிலிருந்தே அது விழுந்துவிட்டது. மன்னிப்பு எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதி அனுப்பினேன். மறுபடியும் கட்டைவிரல்.

"எத்தனை வாரமா தொடைக்கிற, ஸ்டெல்லா?"
"ரெண்டு மாசமா, எல்லா திங்களும்க்கா." அழுகிறாள்.

வெள்ளி வெளியீடு நிறுத்தம். நாளை காலை மூடியதையெல்லாம் திறக்கிறோம். எத்தனை இருக்குமோ.

சாயங்காலம் காற்று. டவர் போய்விட்டது.

அக். 10
விடியும் நேரம். மழை விட்டிருக்கிறது. டவர் வந்த சத்தம், அப்பா போனில். சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டார்.
"போகலாம்னு வந்துடுச்சு பாப்பா."
வாங்கிப் பார்த்தேன். ‘இன்று கடலுக்குப் போகலாம்.’ எந்த இன்று?
"போவாதப்பா."
"ஏம்மா? உங்க ஆளுங்க எழுதினதுதான?"
"அதனாலதாம்பா."