விழுந்த ஆணி தெரியும் தரை

ஏப்ரல் 3, 2025

வீட்டுக்குக் கீழே உள்ள கராச்சுக்குப் புதுத் தரை பார்க்கப் போகிறேன் என்று பூமணியிடம் சொல்லிவிட்டு, கண் ஆஸ்பத்திரிக்குப் போய் இடது கண்ணில் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். இது மூன்றாவது ஊசி. வெறுங்கையோடு வந்தால் கேள்வி வரும். அதனால் திரும்பும் வழியில் தரைச் சாமான் கடைக்குள் நுழைந்து, மாதிரிக்கு ஒரு றப்பர் விரிப்புத் துண்டு வாங்கி வந்தேன். கறுப்பு, நல்ல தடிப்பு.

பூமணிக்கு அது பிடித்துவிட்டது. குசினியிலேயே போட்டு, வெறுங்காலோடு ஏறி நின்று பார்த்தாள். "கால் குளிரேல்லை. இதையே போடுங்கோ." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "கண் ஏன் சிவந்து கிடக்கு?"

கடையில் கல் வெட்டினார்கள், தூசு என்றேன். பச்சைத் தண்ணீரில் துணி நனைத்து வந்து ஒத்திவிட்டாள். கல்யாணம் கட்டி முப்பத்தொரு வருஷம். பொய் சொல்வது இவ்வளவு லேசு என்று இப்போதுதான் தெரிகிறது.

ஏப்ரல் 11

ஏன் சொல்லவில்லை? இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

சீனி வருத்தம் கண்ணின் பின்பக்கத்தைத் தின்றுவிட்டது. இடது கண்ணில் நடுப்பகுதி போய்விட்டது. ஊசி போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், காப்பாற்ற முடியாமலும் போகலாம் என்று டொக்டர் சொன்னார். கார் ஓட்டக்கூடாதாம். பூமணிக்குத் தெரிந்தால் முதல் நாள் அழுவாள். இரண்டாம் நாள் கராச் கதவுத் திறப்பை எடுத்து ஒளித்து வைப்பாள். மூன்றாம் நாள் துரொண்ட்ஹெய்மிலிருந்து மகள் கஜேந்தினி போன் எடுத்து, இந்தப் புருசெத் வீட்டை விற்றுப்போட்டு அங்கே வரச் சொல்லுவாள். எல்லாம் என் நன்மைக்குத்தான். அதுதான் பயம்.

இருபத்தாறு வருஷம் பஸ் டிப்போவில் ஊரான் எஞ்சினுக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். ஓய்வெடுத்த பிறகுதான் எனக்கென்று ஓர் எஞ்சின். 1978 யமாஹா மோட்டசைக்கிள். ஹாமார் ஊரில் ஒரு மாட்டுக்கொட்டிலில் கிடந்ததை வாங்கிவந்து கராச்சில் வைத்துத் திருத்துகிறேன். அது ஒருதரம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும். அதுவரைக்கும் கண் தாங்கினால் போதும்.

மே 12

காபரேட்டரின் பித்தளை ஆணி ஒன்று கை நழுவி விழுந்தது. அரிசியை விடக் கொஞ்சம் பெரிது. சாம்பல் நிறக் கொங்கிறீற், அதில் ஒயில் கறை. முழங்காலில் ஊர்ந்து, உள்ளங்கையால் தடவித் தடவி இரண்டு மணித்தியாலம். கடைசியில் கிடைத்தது. கிடைத்த கோபத்தில் ஸ்பானரைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன்.

"என்ன விழுந்தது?" மேலிருந்து பூமணி.

"ஒண்டுமில்லை."

முடிவெடுத்துவிட்டேன். றப்பர் இல்லை. வெள்ளை. விழுந்த ஆணி கண்ணுக்குத் தெரிகிற தரை.

யூன் 5

தரைக் கடையில் மேரின் என்று ஒரு பிள்ளை நிற்கிறது. பொறுமையான பிள்ளை. காய்ந்தால் கல்லாகிற எப்பொக்சிப் பூச்சு என்று முடிவானதும், மேலே நிறத் துகள் தூவலாம், அழுக்குத் தெரியாது என்றாள். எனக்கு அழுக்குத் தெரியவேண்டும் என்றேன். சிரித்தாள். அப்படியென்றால் வழுக்காமல் இருக்க மணலாவது தூவுங்கள், குளிர்காலத்தில் கார்ச் சில்லிலிருந்து பனி உருகி ஊற்றும், ஈரத்தில் இது கண்ணாடி என்றாள். மணலுக்குள் ஆணி ஒளிந்துகொள்ளும். வேண்டாம் என்றேன். இரண்டாம் தரமும் கேட்டாள். இரண்டாம் தரமும் வேண்டாம் என்றேன். ஓடர் எழுதும் துண்டில் "மணல் இல்லாமல்" என்று எழுதிக் கீழே கோடு போட்டாள்.

வீட்டில் பூமணி: "வெள்ளையோ? ஒயில் சிந்துற இடத்துக்கு வெள்ளையோ? என்னைப் பொம்பிளை பாக்க வந்தண்டு தேத்தண்ணி குடிச்சு முடிய முதல் ஓமெண்ட மனுசன், ஒரு நிலத்துக்கு மாதக்கணக்கா அலையுது!"

நானும் சேர்ந்து சிரித்தேன். பார்னஹாகெ என்கிற பாலர் பள்ளியில் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு மாரடித்துவிட்டு வந்து, பின்னேரம் கராச்சில் கதிரை போட்டு என் பக்கத்தில் இருந்து கதைப்பாள். றப்பரை அவள் கேட்டது அந்தக் கதிரைக்குக் கீழே கால் வைக்கத்தான். கம்பளிக் காலுறை வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

யூலை 19

தரை முடிந்தது. வாடகை மெஷினால் கொங்கிறீற்றைத் தேய்த்து, தூசு உறிஞ்சி, இரண்டு வாளிப் பூச்சையும் கலந்து, அரை மணித்தியாலத்துக்குள் உருட்டி முடிக்கவேண்டும். முடித்தேன். முதுகு போய்விட்டது.

தண்ணீர் விட்டு நிரப்பியது போல மினுங்குகிறது. பூமணி வாசலில் நின்று, "வடிவாத்தான் கிடக்கு" என்றாள். மனமில்லாமல்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

யூலை 27

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பித்தளை ஆணியை வேண்டுமென்றே விழுத்தினேன். மூன்று தரம். மூன்று தரமும் கண்டேன். கதவைச் சாத்திக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

செப்டெம்பர் 2

வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது. ஆணியை இரண்டு தரம் போட்டேன், தெரியவில்லை. மூன்றாம் தரம் போடவில்லை.

செப்டெம்பர் 30

நாளைக்குச் சரஸ்வதி பூசை. ஆயுதங்களை இந்த முறை கராச்சிலேயே வைப்போம், புது நிலத்தில் முதல் பூசை என்று பூமணி சொல்கிறாள். ஸ்பானர்களைக் கழுவி அளவுவாரியாக அடுக்கினேன். கையால் தடவித்தான்.

ஒக்டோபர் 2

எழுதவேணும். எழுதாட்டி விசர் பிடிச்சிடும்.

நேற்று வெளியிலை மழை. தேங்காயை வெளியிலை போய் உடைச்சிருக்கலாம். மழை எண்டு கராச் வாசலுக்குள்ளை நிண்டு கத்தியின்ரை பின்பக்கத்தாலை உடைச்சன். பாதித் தண்ணி கிண்ணத்திலை, பாதி நிலத்திலை. துணியாலை துடைச்சன். பூமணி கற்பூரத் தட்டோடை படியிலை நிண்டா. பூசை எண்டபடியால் வெறுங்கால்.

"துடைச்சிட்டியளோ? வரட்டோ?"

குனிஞ்சு பாத்தன். மினுங்கிச்சுது. அந்த நிலம் எப்பவும் மினுங்குறதுதானே! எது ஈரம், எது காய்ஞ்சது — எனக்குத் தெரியேல்லை. தெரியேல்லை எண்டு சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லு. கையாலை தொட்டுப் பாத்திருக்கலாம். அதையும் செய்யேல்லை. குனிஞ்சு தடவினால் ஏனெண்டு கேப்பா எண்ட பயம்.

"காய்ஞ்சிட்டுது. வாரும்" எண்டன்.

ரெண்டாவது அடியிலை வழுக்கி விழுத்திப்போட்டுது. தட்டு உருண்டு போய் மோட்டசைக்கிள் சில்லிலை முட்டி நிண்டுது. இடுப்பெலும்பு. அவ கத்தேல்லை. கிடந்தபடியே சீலையின்ரை ஈரத்தைத் தொட்டுப் பாத்திட்டு என்னை நிமிர்ந்து பாத்தா.

"இவ்வளவு தண்ணி கிடக்கு. உங்களுக்குத் தெரியேல்லையோ?"

அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தன்.

ஒக்டோபர் 4

ஒப்பரேஷன் முடிந்தது. டொக்டர் கட்டிலடியில் எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டி, எலும்புக்குள் இரண்டு ஆணி வைத்திருக்கிறோம், பாருங்கள் என்றார். நான் தலையாட்டினேன். அவர் போனபிறகு பூமணி கேட்டாள்.

"எனக்குள்ளை வைச்ச ஆணி தெரிஞ்சுதோ உங்களுக்கு?"

"இல்லை."

"எப்ப தொடக்கம்?"

"தையிலை இருந்து."

சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த வருஷத்தில் அவளுக்கு நான் சொன்ன முதல் உண்மை.

ஒக்டோபர் 23

பூமணி வீட்டுக்கு வந்துவிட்டாள். மேல்மாடி ஏற முடியாது, கட்டில் கீழே. கஜேந்தினி லீவு எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். என்னை ஏசவில்லை. ஏசினால் நல்லது.

இன்று மகள் வெளியே போயிருந்தபோது பூமணி கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "இடுப்பு முறிஞ்சது பறுவாயில்லை. தூசு எண்டு சொன்னியள். நான் துணி நனைச்சு ஒத்திவிட்டனான்."

  

நவம்பர் 18

வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்துவிட்டது. தடித்த பேனையால் எழுதுகிறேன். பக்கத்துக்கு நாலு வரிதான் கொள்ளுகிறது. கோடு தெரியவில்லை.

பெப்ரவரி 8, 2026

எழுதுறது பூமணி. அவர் சொல்லச் சொல்ல எழுதுறன். இந்தக் கொப்பியை முதலிலையிருந்து வாசிச்சிட்டன். வாசிச்சது அவருக்குத் தெரியும், அவர்தான் எடுத்துத் தந்தவர்.

யமாஹாவை இண்டைக்கு ஒருத்தர் விலைக்கு வாங்கி வான் வண்டியிலை ஏத்திக்கொண்டு போனார். ஸ்டார்ட் பண்ணேல்லை, காபரேட்டர் இன்னும் எஞ்சினிலை பூட்டாமல் பெட்டிக்குள்ளை கிடந்தது. வான் போய் மறையுமட்டும் இவர் வாசலிலை நிண்டு அதின்ரை சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அப்படியே எழுதச் சொன்னார். வெள்ளை நிலத்துக்கு மேலை கஜேந்தினி கறுப்பு றப்பர் போட்டுவிட்டிருக்கிறாள். என்ரை தடி வழுக்குதில்லை.

பிறகு, "இனி பூமணியிட்டை ஒண்டையும் மறைக்கமாட்டன்" எண்டு எழுதச் சொன்னார். அதை எழுதமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்.

 பிறகு, வெளியிலை கொஞ்சம் நடந்திட்டு வரட்டோ, படி காய்ஞ்சு கிடக்கோ எண்டு கேட்டார். நான் தடியை ஊண்டிக்கொண்டு போனன். பாக்கக் காய்ஞ்ச மாதிரித்தான் கிடந்தது. இடுப்பு நோக நோகக் குனிஞ்சு கையாலை தொட்டுப் பாத்தன். விரல் நனைஞ்சுது.

வந்து சொன்னன், ஈரம், இப்ப வரவேண்டாமெண்டு.