பூங்காவில் ஒரு ரஷ்யன்

ஸ்டுட்கார்ட், 4 மார்ச் 1974, திங்கள்

ஆலங்கட்டி மழை. குடைக்கம்பி ஒடிந்தது. பதவியும் போயிற்று.

பதினைந்து மாதம் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. இன்று மான்ஃபிரெட் கட்டாய ராணுவ சேவை முடித்து, ஒட்ட வெட்டிய தலையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் இடம் அவனுக்கு; சட்டம். சரி. ஆனால் நிர்வாகி கெல்லர் எல்லோர் முன்னாலும் சொன்னது:

"அவன் வர்ற வரைக்கும் இடத்தைப் பாத்துக்கிட்டீங்க, அம்மணி. நன்றி. நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கினவன் இல்லையா! பெண்களுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாதே."

அதாவது நான் பஸ் சீட்டில் போட்ட துண்டு. நாற்பத்தாறு வயதுத் துண்டு.

கெல்லருக்குச் செய்ய வேண்டியவை: 1. காபியில் பேதி மருந்து (என் பிரிவு அல்ல). 2. சாபம் (போட்டாயிற்று, இரண்டு முறை). 3. யோசிக்க.

அரிசி தீர்ந்தது.

6 மார்ச், புதன்

மூன்றாவது கிடைத்தது!

டைப்பிஸ்ட் அம்மாள் சொன்ன வம்பு. மாதம் இருமுறை கெல்லர் ஒரு குழுவில் உட்காருகிறானாம். மனசாட்சி இடம் தராது, ராணுவத்துக்கு வரமாட்டேன் என்கிற பையன்களை விசாரிக்கும் குழு. எல்லோரிடமும் ஒரே கேள்வி: பூங்காவில் உன் காதலியை ஒரு ரஷ்யன் தாக்குகிறான், உன் கையில் துப்பாக்கி, என்ன செய்வாய்? சுடுவேன் என்றால் ராணுவத்துக்குப் போ. மாட்டேன் என்றால், பொய் சொல்கிறாய், நீயும் போ.

எங்கள் மாடியறை டீட்டருக்குச் செவ்வாயன்று அதே குழுவில் விசாரணை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறான். அகிம்சை நாட்டுக்காரி சொன்னால் எடுபடுமாம். போன வாரம் வீட்டுக்காரர் மேல் நான் கரண்டி வீசிய சத்தம் மாடிக்குக் கேட்கவில்லை போல.

9 மார்ச், சனி

சமையலறையில் ஒத்திகை. இவர்தான் கெல்லர். ஏப்ரனோடு முறைத்தார்.

டீட்டரின் பதில்: "தெரியாது. கத்துவேன். குறுக்கே விழுவேன். சுட என்னால முடியாது."

உப்புச் சப்பில்லை. நான் வேறு பதில் கொடுத்தேன்: "துப்பாக்கியை அவளிடம் கொடுப்பேன்."

அவன் காதலி ஹைக்கெ நிலக்கரி லாரி ஓட்டுகிறவள். ராணுவ லாரி ஓட்ட மனுப் போட்டாள். பெண்களுக்கு ராணுவத்தில் அந்த வேலை கிடையாது, தட்டச்சு தெரியுமா என்று பதில் வந்தது. வருகிறேன் என்கிறவளை விரட்டுகிறார்கள், வரமாட்டேன் என்கிறவனை இழுக்கிறார்கள். கெல்லரின் மூக்கை உடைக்க இதைவிட நல்ல கல் கிடைக்குமா?

ஹைக்கெயும் டீட்டரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் மட்டும், "ஏம்மா, இது அவன் கேஸா, உன் கேஸா?"

"நீங்க சாம்பாரைப் பாருங்க."

12 மார்ச், செவ்வாய்

நீலப் பட்டுப்புடவை. கெல்லர் என்னைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான்.

கெல்லரின் கேள்வியில் ரஷ்யன் வந்தான். டீட்டர் நான் கொடுத்த பதிலைச் சொன்னான். ஹைக்கெக்கு வந்த கடிதத்தையும் நீட்டினான். "அவ வர்றேன்னுதான் சொன்னா. நீங்கதான் சேத்துக்கலை."

பக்கத்து உறுப்பினர் இருமுகிற சாக்கில் சிரித்தார். கெல்லரின் காது பீட்ரூட். ஆஹா!

பிறகு கெல்லர், மெதுவாக: "அப்போ சுடுறது தப்பில்லை. வேற யாராவது சுட்டா சரி. இதுக்குப் பேர் மனசாட்சி இல்லை தம்பி, சோம்பேறித்தனம்."

இப்போது யாரும் இருமவில்லை. என் சாட்சியம் இரண்டு நிமிடம். மனு தள்ளுபடி.

13 மார்ச், புதன்

வெயில். வேலைக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று பொய்.

ஹைக்கெ வந்தாள். உட்காரவில்லை. "சண்டை உங்களுக்கும் கெல்லருக்கும். அனுப்பினது இவனை."

டீட்டர் படியிலேயே நின்றான். "விடு, ஹைக்கெ. நானும்தானே சிரிச்சேன்." இவனும் திட்டியிருக்கலாம்.

மேல்முறையீட்டுக்கு இரண்டே வாரம். இவர் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்.

எழுதினேன். அந்தப் பதில் டீட்டருடையது அல்ல. கெல்லரை அவமானப்படுத்த நான் சொல்லிக்கொடுத்தது. அவன் சொல்ல இருந்தது வேறு. அதையும் அவன் சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல்.

கடிதம் கெல்லரின் கைக்கும் போகும். சத்தமாகப் படித்துக் காட்டுவான். ஆஸ்பத்திரி முழுக்க என் பெயர் நாறும். படிக்கட்டும், கண் அவிஞ்சு போவான். கையெழுத்துப் போட்டுவிட்டேன், முழுப் பெயரில்.